புரட்டி மாட்டிய படித்தகடு

"வழுக்கவும் கூடாது, காலைக் கிழிக்கவும் கூடாது. அப்படி ஒரு படி எங்கேயாவது உண்டா தம்பி? நீ படிச்ச பிள்ளை, சொல்லு."

உதயசூரியன் அண்ணன் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அது இந்த 2004ஆம் ஆண்டு, புத்தாண்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வரும் வரை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். உராய்வு பற்றிப் பள்ளியில் ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். அது இந்தக் கேள்விக்கு உதவவில்லை.

அண்ணன், ஆற்றுப் பாலம் வழியாகத் தன்லியினுக்கும் பசுந்தாங்குக்கும் ஆள் ஏற்றி ஓடும் லைன்காரில் ஸ்பேர். டிக்கெட் வாங்குவது, ஆள் ஏற்றுவது, இறக்குவது எல்லாம் ஸ்பேரின் வேலை. வண்டி ஒரு பழைய ஹைலக்ஸ். பின்னால் இரண்டு பக்கமும் நீள பெஞ்சு, கடைசியில் ஆட்கள் தொங்கிக்கொண்டு நிற்க ஒரு படி. அந்தப் படிதான் அண்ணனின் இடம். பதினைந்து வயதில் அதில் ஏறியவர், முப்பத்தைந்திலும் அதிலேயே நின்றார். வண்டி காலியாக இருந்தாலும் உள்ளே உட்கார மாட்டார். தரையில் நின்று பேசும்போதுகூட ஒரு காலைப் பின்னால் ஊன்றி, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பார். தூக்கத்திலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருப்பார் என்று அவர் மனைவி வேலம்மா சொல்லிச் சிரிப்பார்.

முந்தைய மழைக்காலத்தில் அந்தப் படியிலிருந்து ஒருவர் வழுக்கி விழுந்து விலா எலும்பு முறிந்தது. அப்போது இருந்தது மரப்பலகை, மேலே டயர் ரப்பரைப் பட்டையாக வெட்டி அடித்திருந்தார்கள். காய்ந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும். மழையில் சேறு பட்டைகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டால் வாழைப்பழத் தோல்தான். அதனால் வெயில் காலம் வந்ததும், வண்டியை ஓட்டுபவரும் சொந்தக்காரருமான ஷம்சுதீன் பாய் புதுப் படி போடச் சம்மதித்தார். எந்தப் படி என்று முடிவு செய்யும் வேலையை அண்ணனிடம் விட்டார்.

பசுந்தாங் ஓடைப் பக்கம் குழந்தைவேலுவின் பட்டறையில் அண்ணன் அரை நாள் செலவழித்தார். நானும் கூட இருந்தேன். கோடு கோடாகப் புடைத்த இரும்புத் தகடு ஒன்று இருந்தது. அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார், ஓடைச் சேற்றைப் பூசினார், ரப்பர் செருப்போடு ஏறி உடம்பை ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் தேங்கியது. வேண்டாம் என்றார். அடுத்தது, அடியிலிருந்து ஓட்டை குத்தி விளிம்பு மேலே பல் பல்லாக நின்ற தகடு. சேறு ஓட்டை வழியே விழுந்துவிட்டது. செருப்பைப் பல் கவ்விப் பிடித்தது.

"இது படி இல்லடா, தேங்காய்த் துருவி," என்றார் குழந்தைவேலு.

"துருவட்டும்ணே. விழாம இருந்தா போதும்."

"ரத்தம் பாக்காம விடாது, சொல்லிட்டேன்."

நான்கு போல்ட்டில் தகடு ஏறியது. அந்த மாதம் முழுவதும் யாரும் வழுக்கவில்லை.

பங்குனி கடைசியில் அண்ணன் காப்புக் கட்டினார். வேலம்மாவுக்கு முதல் இரண்டு குழந்தைகள் பிறந்த அன்றே போய்விட்டன. மூன்றாவது சத்யபாமா. அவள் பிழைத்து ஒரு வயது ஆனால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனிடம் வேண்டியிருந்தார். பிள்ளை பிழைத்துவிட்டாள். இனி அவர் கடன். தண்ணீர்த் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தன்லியின் பக்கத்துக் கோயிலில் பூக்குழி. காப்புக் கட்டியவர் அதுவரை செருப்புப் போடக் கூடாது. காலில் புண் இருந்தால் பூசாரி குழியில் இறக்க மாட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரின் வீட்டில் அடுத்த மாதமே சாவு விழுந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வெறுங்காலோடு பல் தகட்டில் நின்ற இரண்டாம் நாளே அண்ணனின் பாதத்தில் கீறல் விழுந்தது. அன்றுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, தானே ஸ்பேனர் எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றித் தகட்டைப் புரட்டி மாட்டினார். பல் கீழே போனது. மேல்பக்கம் வழவழவென்று இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

"பாரு, நல்லாப் பிடிக்குது. மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. தீ மிதிச்சதும் திருப்பிடுவேன்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. சில நாளில் அவர் கீறலும் ஆறியது.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஊரே வீடு திரும்பிக்கொண்டிருந்தது. பகல் வண்டியில் நானும் படியில் தொங்கினேன். என் பக்கத்தில் கொத்து வேலை செய்யும் நல்லையா அண்ணன். திருவிழாவுக்கென்று வாங்கிய புது ரப்பர் செருப்பு காலில் இருந்தது. விரதம் இருந்த உதயசூரியன் அண்ணனைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

"என்ன சாமி, சைவமாமே? முகமே ஆட்டுக்குட்டி மாதிரி ஆயிடுச்சே."

"பேசாம கம்பியப் பிடிய்யா."

"பிடிச்சுத்தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை நெருப்பைப் பாத்துட்டு நீங்க ஓடும்போது பிடிக்கத்தான் ஆள் வேணும்."

வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டு, "ஸ்வே, ஸ்வே!" என்று வண்டியை எடுக்கச் சொல்லித் தகரத்தைத் தட்டினார்.

பாலத்தின் மேல் காற்று வெக்கையாக வீசியது. நடுவில் தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது. அக்கரையில் பாலம் இறங்குமிடத்தில் பிள்ளைகள் வாளிகளோடு காத்திருப்பது தூரத்திலேயே தெரிந்தது. திருவிழாவை அவர்கள் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கியிருந்தார்கள். அண்ணன் தன் காலைப் பார்த்தார். பிறகு நல்லையாவின் காலைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"நல்லையா, செருப்பைக் கழட்டு! கழட்டிடு!"

"புதுசுய்யா, எவனாவது..."

தண்ணீர் வந்து விழுந்தது. கண்ணைத் துடைக்க நல்லையா ஒரு கையை எடுத்தார். வண்டி பாலத்தின் இணைப்பில் ஏறி ஒருமுறை குதித்தது. அவருடைய இரண்டு காலும் ஒன்றாகப் படியிலிருந்து பறந்தன. உதயசூரியன் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்தார். சட்டை கிழிந்து காலர் மட்டும் அவர் கையில் நின்றது. அண்ணனின் வெறுங்கால் அப்போதும் வழுக்கவில்லை.

பின்னால் வந்த லாரியில் நல்லையாவை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் கண் திறக்கவில்லை. ஒரு செருப்பு சாலையோரத்தில் கிடந்தது. அண்ணன் அதை எடுத்து, ஈரமான தகட்டின் மேல் வைத்து ஒரு விரலால் தள்ளினார். அது ஓடிப்போய் மறுபக்கம் விழுந்தது. பிறகு ஸ்பேனரை எடுத்தார். அங்கேயே தகட்டைத் திருப்பிப் பல்லை மேலே வைத்து மாட்டினார்.

ஷம்சுதீன் பாய் கெஞ்சினார். "உதயா, வேணாம்பா. இன்னைக்கு நீ வீட்டுக்குப் போ. இல்லேன்னா உள்ள உக்காரு."

"பசுந்தாங்ல எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாய். படியில நான் இல்லேன்னா, விழறவன யாரு பிடிப்பா?"

"அப்ப செருப்பாவது போட்டுக்க."

"காப்புக் கட்டின கால் பாய்."

மாலை வரை அப்படியே நின்றார். கடைசி நடையில் அவர் இறங்கி நடந்தபோது மண்ணில் ஈரம் பதிந்தது. அது தண்ணீர் இல்லை.

மறுநாள் காலை நல்லையா இறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசாரி அண்ணனின் காலைப் பார்த்தார். தலையை அசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வேலம்மா அக்கா கூட்டத்துக்கு முன்னால் வந்து, "சாமி, அவர் வேணும்னு செஞ்சுக்கல, சாமி," என்றார். பூசாரி திரும்பவில்லை. மஞ்சள் துணியோடு அண்ணன் குழியோரம் நின்றார். எல்லோரும் நடந்து முடித்து, தணல் சாம்பலாகும் வரை அங்கேயே நின்றார். அவர் தோளில் சத்யபாமா தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா நொடிக்கு ஒருமுறை குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. குழந்தைக்கு நேற்றிலிருந்து இருமல். அடுத்த ஆண்டு வரை அம்மன் பொறுப்பாளா என்று அக்கா என் அம்மாவிடம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன்.

படிக்கு மட்டும் பாதி பதில் கிடைத்திருக்கிறது. தகட்டில் பல் மேலேதான் இருக்கிறது. ஓரமாக ஒரு அடி அகலத்துக்கு ரப்பர் அடித்து, வெறுங்காலோடு வருபவரை அண்ணன் அங்கே நிறுத்துகிறார். பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு வைத்திருக்கிறார். தினமும் காலையில் தகட்டை நனைத்து, அதைப் போட்டுக்கொண்டு ஏறி ஆடிப் பார்த்த பிறகுதான் முதல் ஆளை ஏற்றுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது லைன்கார் படியில் தொங்கிப் போகிறவர் இருப்பார். உங்கள் தெருவில் ஒரு ஸ்பேர் இருப்பார். தன் காலுக்குப் பிடித்தால் ஊர்க்காலுக்கும் பிடிக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். இந்த மழை வலுக்கும் முன்பு, நல்லையாவுக்கு நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.