சௌந்திரம் நீட்டிய பேனா

சேந்தமங்கலத்துச் சௌந்திரத்துக்கு ஒரே அடையாளம்தான். வெள்ளைச் சேலை, கக்கத்தில் ரெக்சின் பை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போன புருஷன் போன இடத்திலேயே செத்துப்போனான். அவன் பேரில் இருந்த இன்சூரன்ஸ்தான் அவளைப் பங்காளிகள் வாசலில் நிற்கவிடாமல் காப்பாற்றியது. காப்பாற்றியதையே தொழிலாக எடுத்துக்கொண்டு ஏஜண்டு ஆனாள். "எனக்குக் கெடச்ச தெம்பு உங்க ஊட்டுக்கும் கெடைக்கோணுமுங்க" என்று அவள் சொன்னால் சனங்கள் நம்பினார்கள். தொழில் நன்றாகத்தான் நடந்தது.

அதைப் பார்த்து நாமக்கல் சண்முகவேலுக்கு வயிறு எரிந்தது. அவனும் ஏஜண்டுதான், புல்லட்டில் சுற்றுகிற பெரிய ஏஜண்டு. சந்தையிலும் கல்யாண வீட்டிலும் ஒரே விதையைத் தூவினான். "தாலியறுத்தவ கையில பாலிசி எடுத்தா அந்த ஊட்டுலயும் தாலி அறுமுங்க. நாஞ் சொல்லல, ஊரு சொல்லுது."

ஊர் சொல்லவில்லை. இவன் சொன்ன பிறகுதான் சொல்லியது. விதவை எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிற ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கையெழுத்துப் போட உட்கார்ந்த பண்ணையக்காரர் காளியண்ணன், உள்ளேயிருந்து மனைவி இருமியதும் எழுந்துகொண்டார். "ஆடி கழியட்டும் சாமி, பாக்கலாம்" என்றார். அப்போது நடந்தது தை மாதம்.

சௌந்திரம் அழவில்லை. சண்முகவேலை அவன் வாயாலேயே கட்டிப்போட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். நினைத்ததைக் கைவிடவும் இல்லை.

எழவு வீட்டில் மட்டும் அவளை யாரும் ஒதுக்குவதில்லை. அப்படியொரு எழவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பெரியநாயகி, சண்முகவேலின் மனைவி, சூதுவாது தெரியாதவள். "எங்க ஊட்டுக்காரரு ஊருக்கெல்லாம் பாலிசி போடுவாருங்கக்கா. தனக்குன்னு ஒண்ணு போடமாட்டாரு. அது எமனுக்கு வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புடற மாதிரிங்கறாரு."

"அப்படிங்களா" என்றாள் சௌந்திரம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

எண்பத்து நாலில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஏஜண்டுகள் மாநாடு நடந்தது. நெஞ்சில் குத்திக்கொள்ள அட்டை கொடுத்தார்கள், தட்டில் கேசரி கொடுத்தார்கள். பெண்கள் நாலைந்து பேர் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் அதிகப் பாலிசி பிடித்தவன் என்று சண்முகவேலுக்கு மாலை போட்டு, நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். யாருடைய நம்பிக்கையை யார் கெடுத்தது என்று சௌந்திரத்துக்கு உள்ளே கொதித்தது. "எதை விக்கிறமோ அதை மொதல்ல நாம நம்போணும்" என்று அவன் முழங்கினான். மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

சௌந்திரம் எழுந்தாள். "அண்ணன் நல்லாப் பேசுனீங்க. உங்க சொந்தப் பாலிசிய எந்த வருசம் எடுத்தீங்கன்னு சொன்னா நாங்களும் சனங்ககிட்டச் சொல்லுவோமுங்க."

பொய் சொல்லிவிடலாம். ஆனால் மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆபீஸ்காரர்கள், மறுநாளே தெரிந்துவிடும். "இன்னும் நேரம் அமையலீங்க" என்றான் சண்முகவேல். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"இன்னிக்கு அமைஞ்சிருச்சுன்னு வெச்சுக்குங்க. வைத்தியருக்குக் காச்சல்னா இன்னொரு வைத்தியருகிட்டத்தான போவோணும்? நான் எழுதறனுங்க." பையிலிருந்து பாலிசி பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

நீட்டிய பேனாவை அவன் வாங்கவில்லை. ஊரெல்லாம் தொடாதே என்று அவன் சொல்லி வைத்த கை அது. கீழே நாமக்கல் ஏஜண்டுகள், அவன் பேச்சைக் கொண்டுபோய்ப் பரப்பியவர்கள், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சௌந்திரம் குரலைத் தாழ்த்தினாள். "பயமா இருந்தா வேண்டாமுங்கண்ணா. ஏன் வேண்டாம்னு மைக்குல சொல்லிப்போடுங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். அது கோணலாக விழுந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

சண்முகவேலே அவளிடம்தான் எடுத்திருக்கிறான் என்ற பேச்சு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மூடின கதவுகள் திறந்தன. காளியண்ணன் ஆள்விட்டுக் கூப்பிட்டார். இழந்தது திரும்பி வந்துவிட்டது, அதோடு விட்டிருக்கலாம். சௌந்திரம் விடவில்லை.

தான் கிளப்பிய பேய்க்குத் தானே பயந்து கிடந்தான் சண்முகவேல். புல்லட்டை விற்றான். மணிக்கட்டு நிறையக் கயிறு கட்டினான். வருடா வருடம் தவணைப் பணம் வாங்க அவளே பஸ் ஏறிப் போவாள். அவன் வெளியே கிளம்புகிற நேரம் பார்த்து, வாசலுக்கு நேர் எதிரே நிற்பாள். "சொகமா இருக்கீங்களாங்கண்ணா?" அவன் வெளிறிப்போய் உள்ளே திரும்பித் தண்ணீர் குடிப்பான்.

"போதுமுங்கக்கா, உட்டுருங்க" என்றாள் பெரியநாயகி ஒரு தடவை.

"அவரு நூறு வருசம் இருக்கோணும்னுதான் சாமிகிட்ட வேண்டறேன் அம்மிணி" என்றாள் சௌந்திரம்.

அது பொய்யில்லை. அவனுக்கு லேசாகக் காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. கோயிலுக்கு ஓடி அவன் பேருக்கு அர்ச்சனை செய்வாள். அவன் செத்துவிட்டால் அவன் சொன்னது மெய்யாகிவிடும்.