எண்ணூறு ரூபா ரசீது

எனக்கு ஒரு தென்னை மரம் கூடக் கெடையாதுங்க. ஆனா தேங்கா என்ன வெலை போகுதுன்னு கேளுங்க, சொல்லிப்போடுவேன். தாராபுரத்துப் பக்கம் சின்ன வெங்காயம் விக்குதா, பட்டறை போட்டு அடுக்கி வெச்ச எடத்துலயே அழுகுதா, சத்தியமங்கலத்துல மல்லிக்கு வெலை இருக்குதா, திருப்பூர்ல நூல் ஏறுச்சா எறங்குச்சா, அத்தனையும் தெரியும். பேப்பர் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்லை. மேடையில ஆடுறப்ப தோள்ல குத்துற நோட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டது.

நான் ஆடல் பாடல் நிகழ்ச்சியில ஆடுறவ. பங்குனி, சித்திரை வந்துட்டா இங்க ஊருக்கு ஊரு மாரியம்மன் நோம்பி. மாவெளக்கு, மஞ்சத்தண்ணி எல்லாம் முடிஞ்ச பொறவு, கடைசி நாள் பொழுதோட கோயில் பக்கத்துல மேடை போட்டு, சினிமாப் பாட்டுக்கு நாங்க ஆடுவோம். ரெக்கார்டு டான்ஸ்காரின்னு எளக்காரமாப் பேசுறவங்களும் அந்தக் கூட்டத்துல முதல் வரிசையிலதான் உக்காந்திருப்பாங்க. முன்னால எல்லாம் அந்த மாதிரி ஆளுக்கு ரெண்டு வார்த்தை சுடச்சுடக் கொடுத்துப்போட்டுத்தான் மேடையை விட்டு எறங்குவேன். இப்ப அதுக்கெல்லாம் தெம்பில்லைங்க. முட்டிக்கு எண்ணெய் தேச்சுட்டுப் படுத்தாப் போதும்னு இருக்குது.

காசு எங்களுக்கு ரெண்டு வழியில வரும். ஒண்ணு, நோம்பிக் கமிட்டி பேசுற ரேட்டு, ஒருத்திக்கு ஒரு புரோகிராமுக்கு இவ்வளவுன்னு. இன்னொண்ணு, நோட்டு. பாட்டு புடிச்சுப்போச்சுன்னா மேடையேறி வந்து ஊக்குல நோட்டைத் தோள்ல குத்திவிடுவாங்க. உடனே மைக்குல பேர் வரும், இன்னார் மகன் இன்னார் நூறு ரூபா அன்பளிப்புன்னு. நாங்க ஆட்டத்தை நிறுத்தி, அவங்க பக்கம் திரும்பி, ரெண்டு கையும் கூப்பிக் கும்பிடோணும். பத்து ரூபாயா இருந்தாலும் கும்பிடோணும். அந்தக் காசுல பாதி குழு நடத்துற ஓனருக்கு, பாதி எங்களுக்கு. இப்ப நோட்டும் கொறைஞ்சுபோச்சு. ஓனர் போனுக்குப் போற மாதிரி மேடையில ஒரு கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்காங்க. யூடியூப்ல லைவ் வேற. வெளியூர்ல இருக்கற ஆளுக பார்த்துட்டே ஜிபேல போடுவாங்க. அதுக்கும் மைக்குல பேர் வரும், அதுக்கும் கும்பிடு உண்டு.

வெங்காயத்துக்கு வெலை கெடைச்ச ஒரு வருசம் தாராபுரத்துக்குத் தெக்கால ஒரு ஊர்ல ஒரு பெரியவர் ஐந்நூறு ரூபா குத்தினாரு. ஒரே பாட்டுக்கு ரெண்டு தடவை. அடுத்த வருசம் அதே ஊரு, அதே பாட்டு. மனுசன் கூட்டத்துக்குக் கடைசியில கையைக் கட்டிட்டு, தரையைப் பார்த்துட்டு நின்னாரு. எறங்கி வந்தப்ப எதுக்க வந்துட்டாரு. "அடுத்த நோம்பிக்குப் பாத்துக்கலாம் அம்மணி"ன்னாரு, என்னமோ எனக்குக் கடன்பட்ட மாதிரி. பாவமா இருந்துச்சு. நானும் "அதுக்கென்னங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

வெவசாயம் படுத்தா நோட்டு மட்டும்தான் கொறையும். பனியன் கம்பெனி படுத்தா எங்களுக்கு ரெண்டு பக்கமும் அடி. குத்துறதுக்கு ஆள் கொறையும், ஆடுறதுக்கு ஆள் கூடும். கம்பெனியில வாரத்துக்கு மூணு நாள்தான் வேலைன்னு ஆச்சுன்னா அங்க செக்கிங்ல, மடிக்கறதுல இருந்த புள்ளைக கொஞ்சம் ஆடத் தெரிஞ்சாலும் இங்க வந்துருவாங்க. கேட்டா என்ன சொல்ல முடியும்? நானே அப்படி வந்தவதான்.

என்ற ஜோடியும் அப்படி வந்தவதான். ஜோடின்னா டூயட்டுக்கு என் கூட ஆடுறவ. அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே ஒசரம். அவ தலைமுடியை உள்ள சொருகி, தொப்பி வெச்சு, பேண்ட் சட்டையில ஆம்பளையா ஆடுவா. நான் பாவாடை தாவணி. பதினாறு வருசம். பல்லடத்துல ஒரு ஆயா எங்க ரெண்டு பேத்தையும் நெசமாலுமே புருசன் பொண்டாட்டின்னு நெனைச்சு, "எத்தனை கொழந்தைக கண்ணு?"ன்னு கேட்டுப்போட்டாங்க. அவ யோசிக்கவே இல்லை, "ரெண்டுங்காத்தா, ஊட்டுல உட்டுட்டு வந்திருக்கறோம்"னா. வேன்ல கோயமுத்தூர் வர்ற வரைக்கும் சிரிச்சோம்.

நூல் வெலை தாறுமாறா ஏறுன வருசம் கம்பெனியெல்லாம் சுருண்டுபோச்சு. நோம்பிக்கு நன்கொடை எழுதுறவங்க பாதிப்பேர் கம்பெனி வெச்சிருக்கறவங்கதான், அவங்க கையைச் சுருக்குனா கமிட்டி எங்க ரேட்டுலதான் கை வெக்கும். சீரியல் செட்டுக்காரன் கிட்டக் கொறைக்க மாட்டாங்க, ஜெனரேட்டர்காரன் கிட்டக் கொறைக்க மாட்டாங்க. பொம்பளை ஆடுறதுக்கு மட்டும் பேரம். அப்ப ஆளுக்கு ரெண்டாயிரம் ரேட்டு. அதுல கை வெக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், ஐப்பசி மழையில வேலையில்லாமக் கெடந்த ஒரு மத்தியானம், சிங்காநல்லூர்ல என்ற ஒத்தை ரூம் வாடகை ஊட்டுல ஆடுறவங்க ஏழு பேர் கூடுனோம். கூட்டுனது என்ற ஜோடிதான். "ஒருத்தி ரேட்டுல எறங்குனா எல்லாரும் எறங்க வேண்டியதாப் போயிரும். யாரும் ரெண்டாயிரத்துக்குக் கீழ போகக்கூடாது"ன்னா. எவர்சில்வர் தட்டுல சூடத்தை ஏத்தி, ஒவ்வொருத்தியா உள்ளங்கையால அணைச்சு சத்தியம் பண்ணுனோம். ஒருத்தி அணைச்சதும் இன்னொரு வில்லையை ஏத்தி அடுத்தவ. கடைசியா நான். சூடம் அடிச்சு பண்ணுன சத்தியம்ங்க, வெளையாட்டு இல்லை.

அதை ஒடைச்சவ நான்தான். சுத்தி வளைச்சுப் பேசறதுக்கு ஒண்ணுமில்லை.

மாசி மாசம் வெள்ளகோவில் பக்கத்து ஊர்ல இருந்து கமிட்டித் தலைவர் போன் பண்ணுனாரு. வழக்கமா ஓனர்தான் பேசுவாரு. அந்த வருசம் அவரும் "நீங்களே பேசிக்குங்க"ன்னு கழண்டுக்கிட்டாரு. கமிட்டித் தலைவர் தங்கமான மனுசன், அதுதான் வினை. திட்டுறவனா இருந்தா நானும் திட்டிப்போட்டு வெச்சிருப்பேன்.

"ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா? இந்த வருசம் வசூல் செரியில்லைங்க. பன்னெண்டு நூறுன்னா வர முடியுமுங்களா? உங்க ஜோடி கிட்டக் கேட்டனுங்க. ரெண்டாயிரத்துக்குக் கொறைஞ்சு வரலீங்கன்னு சொல்லிட்டாங்க."

அவ சொல்லிட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "வாரேனுங்க"ன்னேன். சோத்துக்கு இல்லாமப் போயிச் சொல்லல. வாடகை கொடுத்திருந்தேன், கேஸ் இருந்துச்சு, அரிசி இருந்துச்சு. பயம்ங்க. வயசு நாப்பதைத் தொடுது, இந்த ஊரு என்னை மறந்துட்டா அடுத்த ஊரும் மறந்துரும், கம்பெனியில இருந்து வந்த சின்னப்புள்ளைக வரிசையில நிக்குதுன்னு பயம். யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நெனைப்பு வேற. ஓனர் வாயைத் தொறக்க மாட்டாரு, நானும் சொல்லப் போறதில்லை, பொறவென்னன்னு ஒரு புதுப்புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன்.

அங்கதான் கெரகம் புடிச்சுது. அந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் ரோசனை வரல. கோயிலுக்கு யாரு எதை விட்டுக்கொடுத்தாலும் அது நன்கொடைக் கணக்கு. பந்தல்காரர் ஆயிரம் கொறைச்சுக்கிட்டாரா, மைக்குல சொல்லி, துண்டு போத்தி, ரசீது கொடுப்பாங்க. ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் கமிட்டித் தலைவர் மேடைக்கு வந்து மைக்கை வாங்குனாரு.

"கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்கற நம்ம அம்மணி, ஊர்க் கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டு, ரெண்டாயிரம் வாங்க வேண்டிய எடத்துல பன்னெண்டு நூறே போதும்னு, எண்ணூறு ரூபாயை ஆத்தாளுக்குக் காணிக்கையா விட்டுக்கொடுத்திருக்கறாங்க. எல்லாரும் கை தட்டுங்க!"

சனம் தட்டுச்சு. எனக்கு மேடை அப்படியே உள்வாங்கிட்டாத் தேவலைன்னு இருந்துச்சு. மஞ்சத் துண்டைப் போத்தி, அச்சடிச்ச ரசீதுல என்ற பேரை எழுதி, எண்ணூறு ரூபான்னு எழுத்தாலயும் எழுதிக் கையில கொடுத்தாரு. அந்த நல்ல மனுசன் எனக்கு மரியாதை செஞ்சுபோட்டதாத்தான் நெனைச்சாரு. நானும் கும்பிட்டேன். வேற என்ன செய்யறது?

லைவ்ல போனது ஊரெல்லாம் போன மாதிரி. ரெண்டே நாள்ல காங்கேயம், பல்லடம், அவிநாசி, எந்தக் கமிட்டியைக் கேட்டாலும் ஒரே பேச்சு. "அந்த அம்மணியே பன்னெண்டு நூறுக்கு ஆடிட்டாங்க, உங்களுக்கு என்னங்க?" ஏழு பேத்துக்கும் ரேட்டு அதுதான்னு ஆகிப்போச்சு.

மூணாம் நாள் வெடியக்காலம், நான் பல்லு வெளக்கிட்டு இருந்தேன், என்ற ஜோடி வந்தா. சத்தம் போடுவான்னு பார்த்தேன். போடல. நான்தான் போட்டேன். "என்ன புள்ள அப்படிப் பாக்கற? உனக்கு மட்டும்தான் பொழப்பா? எனக்கு வயிறு இல்லையா?"ன்னு கத்துனேன். தப்புப் பண்ணுனவளுக்குத்தான் கோவம் பொத்துக்கிட்டு வரும், அது என்னமோ உண்மைதான். அவ கொண்டு வந்த பையை வாசப்படியில வெச்சா. உள்ள என்ற நீலப் பாவாடை, டூயட்டுக்கு அவ சட்டையும் அதே துணியில தெச்சது. என்ற டிரெஸ் செட்டை அவதான் தொவைச்சுத் தேச்சு வெச்சிருப்பா, எப்பவும்.

"என்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல புள்ள, பன்னெண்டு நூறுக்கு. ரெண்டு பேருமாப் போயிருக்கலாம்"னா. அவ்வளவுதான். போயிட்டா. அவ என்னைத் திட்டியிருந்தா எனக்கு இந்த வெசனம் இருந்திருக்காது.

அவ திருப்பூர்ல மறுபடியும் கம்பெனிக்குச் செக்கிங் போயிட்டா. நான் ஆடிட்டே இருந்தேன், தனியா, இல்லைன்னா ஏதாவது புதுப்புள்ளை கூட. வருசம் ஓடுச்சு. இந்த வருசம் தேங்காய்க்கு வெலை வந்துச்சு பாருங்க, வெள்ளகோவில் பக்கம் எல்லாம் எண்ணெய் செக்குக்காரங்க, தோப்புக்காரங்க மொகத்துல களை. கோபுரத்துக்குப் பெயிண்ட், மூணு செட்டு ஜமாப்பு மேளம், ட்ரோன் கேமரா. எங்க ரேட்டு மட்டும் அதே பன்னெண்டு நூறு. எறங்குனப்ப ரெண்டு நாள்ல எறங்குச்சு. ஏறுறதுக்கு மட்டும் எவனுக்கும் வழி தெரியல.

அந்தக் கமிட்டித் தலைவர் மறுபடியும் கூப்பிட்டாரு. "அம்மணி, இந்த வருசமும் பன்னெண்டு நூறுங்களா?" எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, சொல்லிப்போட்டேன். "ரெண்டாயிரமுங்க. ஒரு ரூபா கொறையாதுங்க. உங்க ஊர்த் தேங்கா என்ன வெலைக்குப் போகுதுன்னு எனக்கும் தெரியுமுங்க."

அவரு சிரிச்சாரு. கோவிச்சுக்கவே இல்லை. "சரிங்க அம்மணி, கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க"ன்னாரு. எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. அந்தச் சூடத்துக்கு இப்பவாவது பதில் சொல்லிட்டேன்னு, கடைக்குப் போயி நாலு முட்டை வாங்கிட்டு வந்து பொரிச்சுத் தின்னேன்.

நாலு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டாரு. "தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆயிரத்துக்கே ஒருத்தர் வாரேன்னுட்டாங்க. வேற யாருமில்லீங்க, உங்க ஜோடிதான்."

அமெரிக்காவுல வரி போட்டுட்டாங்கன்னு அவ கம்பெனியில ஆர்டர் நின்னுபோயி ரெண்டு மாசம் ஆச்சாம். எனக்குத் தெரியாது. நான் தேங்கா வெலையைப் பார்த்துட்டு இருந்தேன், பனியனைப் பாக்கல. அவ மேல கோவப்பட ஒரு நிமிசம் பார்த்தேன். வரலைங்க. ரெண்டாயிரத்துல இருந்து பன்னெண்டு நூறுக்குப் படி வெட்டுனவ நானு. அவ அதுல அடுத்த படியில காலை வெச்சா, அவ்வளவுதானே.

நோம்பியன்னைக்குப் பொழுதோட ஏழு மணிக்கு போன்ல லைவ் போட்டு உக்காந்தேன். அவ பாவாடை தாவணியில வந்தா. பதினாறு வருசத்துல அவளைப் பாவாடையில பார்த்ததே இல்லை நானு. தனியா ஆடுறவளுக்கு ஆம்பளை வேசம் எதுக்கு? பழக்கமில்லாமப் பாவாடைய ஒரு கையில தூக்கிப் புடிச்சுட்டே ஆடுனா. கமிட்டித் தலைவர் மைக்கை வாங்கி, ரெண்டாயிரம் வாங்க வேண்டிய எடத்துல ஆயிரம் ரூபா ஆத்தாளுக்குக் காணிக்கைன்னு சொல்லி, துண்டு போத்தி, ரசீது கொடுத்தாரு. கும்பிட்டா. இருபது ரூபாக்காரருக்குக் கும்பிட்டா, அம்பது ரூபாக்காரருக்குக் கும்பிட்டா, துபாயில இருந்து போட்டவருக்குக் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டா.

எனக்கு அழுகை வந்துருச்சு. திரையில தெரிஞ்ச நம்பருக்கு எண்ணூறு ரூபா போட்டேன். பாதி ஓனருக்குப் போகும்னு தெரியும், தெரிஞ்சுதான் போட்டேன். பேர் சொல்ல வேண்டாம், கோயமுத்தூர்னு மட்டும் போதும்னு குறிப்புல எழுதுனேன்.

சித்த நேரத்துல மைக்குல வந்துச்சு. "கோயமுத்தூர்ல இருந்து, பேர் சொல்ல விரும்பாத ஒரு அன்பர், எண்ணூறு ரூபா!" சனம் தட்டுச்சு. அவ ஆட்டத்தை நிறுத்துனா. கேமராவைப் பார்த்தா. கை ரெண்டும் பாவாடையைப் புடிச்சுட்டு நின்னுச்சு.

அடுத்த பாட்டு போட்டாங்க, ஆட ஆரம்பிச்சுட்டா. அன்னைக்கு வந்த காசு அத்தனைக்கும் கும்பிட்டவ, அதுக்கு மட்டும் கும்பிடல.