குறை சொல்லி வாங்கிய லேத்

கனடாவில் என் மகன் குடியிருக்கும் தெருவில், கோடைக்காலச் சனிக்கிழமைகளில் பழைய சாமான்களைப் புல்தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டு, வீட்டுக்காரர்கள் எங்கோ பார்த்தபடி காபி குடிப்பார்கள். வாங்க என்று ஒரு சொல் கிடையாது. குழந்தை வண்டிக்கும் கரடி பொம்மைக்கும் நடுவே டிரில்லிங் மெஷின் ஒன்று அநாதையாக நிற்கும். போன கோடையில் பதினாறு வீடுகள் பார்த்தேன். நான்கில் மெஷின்கள் இருந்தன. விலையெல்லாம் கொள்ளை மலிவு. ஒன்றையும் வாங்கவில்லை. மகனுடைய கராஜில் இரண்டு காரும் பனி தள்ளும் வண்டியும் போக எனக்கு மிஞ்சுவது மூன்றடி. தவிர, என் விரல்களைப் பற்றி என்னைவிட அவனுக்குக் கவலை அதிகம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போனபின் மகனோடு வந்து ஒட்டிக்கொண்டேன். சொந்த ஊரான கீரனூரில், வீட்டின் பின்கட்டில் பழைய லேத் ஒன்றைப் போட்டு, வருஷத்தில் ஐந்து மாதம் அங்கே கழிக்க ஆசை. “பூட்டுன வீட்டுல சும்மா தனியா உக்காந்திருக்க அனுப்ப மாட்டேம்பா. வேலைன்னு ஒண்ணு இருந்தாச் சரி” என்று மகன் தீர்த்துச் சொல்லிவிட்டான். லேத் கிடைத்தால் ஊர் உண்டு. இல்லையென்றால் இந்தப் பயணமே கடைசி. அந்தப் பதற்றத்தோடுதான் இந்த முறை விமானம் ஏறினேன்.

கனடா போன முதல் வருஷம் நடந்ததையும் சொல்ல வேண்டும். கணவரை இழந்த ஓர் அம்மாள், அவருடைய சிறிய லேத்தை விற்பனைக்கு வைத்திருந்தார். நான் நம் வழக்கப்படி பேரத்தை ஆரம்பித்தேன். பெல்ட் தேய்ந்திருக்கிறது, கைப்பிடி ஆடுகிறது, இங்கே துரு. ஐந்தாவது குறையில் அவர் முகம் வெளுத்தது. “என் கணவர் ஞாயிறுதோறும் எண்ணெய் போடுவார்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி, போர்வையை எடுத்து லேத்தின் மேல் மூடிவிட்டார். காரில் மருமகள், “மாமா, இங்க ஒட்டுன வெலையக் குடுக்கணும், இல்லாட்டி தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துரணும்” என்றாள். அதை ஒரு பாடமாகவே மனனம் செய்துகொண்டேன்.

திருமயத்தில் ஒரு லேத் விலைக்கு வருகிறது என்று என் மச்சினன் செல்வம் அழைத்துப் போனான். பட்டறைக்காரர் ஆரோக்கியசாமிக்கு என் வயது இருக்கும். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் நின்று வேலை செய்ய முடியவில்லை. நாலரை அடி லேத். இரும்பைக் கவ்விச் சுழலும் ‘சக்’கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஓட்டச் சொல்லிக் காது கொடுத்தேன். நல்ல மெஷின். அவர் சொன்ன விலை நியாயத்துக்கும் குறைவு. “சரிங்க” என்று பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

ஆரோக்கியசாமி கையை நீட்டவில்லை.

“என்ன சார், ஒரு கொறையும் சொல்லல?”

“மெஷின் நல்லாத்தானே இருக்கு.”

“காயலான் கடைக்கா?”

எனக்குப் புரியவில்லை. செல்வம் என் காதோரம் குனிந்தான். “ஒடச்சு எடைக்குப் போடுறவன்தான் அத்தான் கொற பாக்க மாட்டான். ஓட்டப் போறவன் நொட்டை சொல்லாம வாங்குவானா?”

“நா ஓட்டத்தாங்க வாங்குறேன்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாக. போன மாசம் என் டிரில்லிங் மெஷின வாங்குனவனும் சொன்னான். மறுநா சம்மட்டியால அடிச்சு லாரில ஏத்துனான். நா இதக் குடுக்கல சார். அங்கிட்டு வேற பாத்துக்கங்க.”

ஐந்து மாதமும் கண்ணெதிரே கரைந்தது. சட்டைக்கையை மடித்துக்கொண்டு மறுபடி லேத்திடம் போய்க் குறைகளை அடுக்கினேன். கிராஸ் சிலைடின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே ஓடுகிறது. கியரில் ஒரு பல் தேய்வு. சக்கின் மூன்று தாடைகளில் ஒன்று வேறு செட்.

“வேற செட்டா! பக்கத்துல வச்சு அளந்து பாரும்யா!”

“அளக்க என்ன இருக்கு, கண்ணுக்கே தெரியுதே. டெயில் ஸ்டாக் சென்டர் வெலகியிருக்கு.”

“அது ஒம்ம கண்ணு வெலகியிருக்கு!”

டீ வந்தது. சத்தம் கேட்டு எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பதினொன்றாவது குறையில் ஆரோக்கியசாமி சிரித்துவிட்டார்; விலையிலும் கொஞ்சம் இறங்கினார். “நொட்டை சொல்றவருதான் வச்சுக் காப்பாத்துவாரு” என்று செல்வத்திடம் சொன்னார். நான் கனடாவிலிருந்து வந்தவன் என்று செல்வம் முன்பே சொல்லியிருந்தான். பணத்தை எண்ணாமலேயே வாங்கிக்கொண்டவர், திடீரென்று நின்றார்.

“ஆமா, நீங்க பிளேன் ஏறிட்டா இத யாரு ஓட்டுவா?”

ஐந்து மாதம் போக மீதி ஏழு மாதம் சும்மா கிடந்தால் லேத் துருப்பிடித்துவிடும். கடைசியில் அவரே தீர்வு சொன்னார். “சாவியக் குடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு பஸ்ஸுல வாரேன். ஒக்காந்து ஓட்ட ஒரு ஸ்டூல் மட்டும் போட்டு வைங்க.”

இப்போது கனடாவில் இருக்கிறேன். ஞாயிறு காலை, ஜன்னலுக்கு வெளியே பனி. கீரனூரில் சாயங்காலம். ஆரோக்கியசாமி வீடியோ அழைப்பில் வந்து, கைப்பேசியை லேத்தின் எதிரே சாய்த்து வைத்துவிட்டு மோட்டாரைப் போடுகிறார். சக் சுற்றுகிறது. என் வலது கை தானாகவே சாப்பாட்டு மேசைக்கு மேல் எழுந்து, இல்லாத கைப்பிடியைத் திருப்புகிறது. படம் முன்னே வருகிறது, ஒலி பின்னே வருகிறது. அவர் மோட்டாரை அணைத்து, சக் அசையாமல் நின்ற பிறகும், இரண்டு விநாடி அதன் சத்தம் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.