எதிர்மனுதாரரின் அக்கா

துணி திருத்தித் தைக்கும் கடையில் அவளை ‘ஜிப்பக்கா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எப்பேர்ப்பட்ட ஜிப் மக்கர் பண்ணினாலும் அவள் கைக்குப் போனால் அடங்கிவிடும். அப்படிப்பட்டவள் வக்கீல் முன்னால் உட்கார்ந்து, தன் கைப்பையின் ஜிப்பை இருபது தடவையாவது இழுத்து இழுத்து மூடினாள்.

புருஷன் வெளிநாட்டுக்குப் போய்ப் பதினோரு வருடம். முதல் இரண்டு வருடம் போன் வந்தது, பிறகு நின்றது. அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் என்று காதில் விழுந்தது. அவனும் இல்லை என்று மறுக்கவில்லை. அவனுடைய அக்காவோடுதான் இவள் குடியிருந்தாள்; அவளை ‘அண்ணி’ என்று கூப்பிடுவாள். இரண்டு அறை, ஓர் அடுப்பு, இருவருக்கும் ஒரே குடை.

“அவர் இப்ப எங்க இருக்காரு? விலாசம் இல்லாம விவாகரத்து மனு போட முடியாதும்மா” என்றார் வக்கீல்.

விலாசம் அண்ணியின் நோட்டில் இருந்தது. கேட்டால் எதற்கு என்பாள். தம்பியின் உறவை அறுத்துவிட்டு அக்காவோடு மட்டும் இருக்கிறேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? புருஷனுக்காக அழவேண்டியதை எப்போதோ அழுது முடித்தாயிற்று. அண்ணியும் போய்விட்டால் தாங்காது.

“கல்யாணப் பத்திரத்துல இருக்கே சார், அதே விலாசந்தான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் கேட்டபோது, பல் டாக்டரிடம் போனதாகச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டு சம்மன், பத்திரத்தில் இருந்த அந்த விலாசத்தைத் தேடி, அதாவது இவர்கள் வீட்டுக் கதவையே வந்து தட்டியது. கதவைத் திறந்தது அண்ணி.

மாலையில் இவள் வந்தபோது சம்மன் மேசைமேல் விரிந்து கிடந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனா. அண்ணி முப்பது வருடம் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தவள். தப்புள்ள காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியாது.

“பல்லு எப்படி இருக்கு?”

இவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஒம்போது வருஷம்னு போட்டிருக்கே. அவன் போயி பதினொண்ணாச்சு. போன் நின்னதுலேருந்து சொன்னியா?”

“ஆமா அண்ணி.”

“விலாசமும் தப்பு. அவன் என்ன, அடுப்படியிலயா உக்காந்திருக்கான்?”

“உங்ககிட்ட கேக்க பயமா இருந்துச்சு.”

“நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“வெளிய போன்னு சொல்லிடுவீங்களோன்னு.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“அவன் என் தம்பிதான், இல்லேங்கல. நான் ஜுரத்துல கெடந்தப்ப ஒம்போது நாள் வேலைக்குப் போகாம பக்கத்துல உக்காந்தது அவனா? கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன். மூணு வாரம் வீணாப்போச்சு.”

இவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கேஸ் முடிஞ்சப்புறம் உங்கள என்னன்னு கூப்பிடறது?”

“இப்ப கூப்பிடற மாதிரிதான். புதுசா ஒண்ணு பழகிக்க எனக்கு வயசில்ல.”

மறுநாள் வக்கீல் முன்னால் இரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தன.

“நீங்க யாரும்மா?”

“எதிர்மனுதாரரோட அக்கா.”

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவர் தரப்புல ஏதாவது சொல்லணுமா?”

“அவன் விலாசம் கொண்டுவந்திருக்கேன். நானே டைப் அடிச்சது, தப்பிருக்காது.” காகிதத்தை நகர்த்தி வைத்துவிட்டு அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். “இவளச் சீக்கிரம் அனுப்புங்க சார். மழை வர்ற மாதிரி இருக்கு, எங்களுக்கு இருக்கறது ஒரு குடைதான்.”