வெறும் கிண்ணம் திரும்பக் கூடாது

அழகுமுத்து குழாயடியில் குந்தி அரிசி களைந்துகொண்டிருந்தார். இரண்டு சுண்டு. ஒற்றை ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் சுண்டே தாராளம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அரிசி டின்னுக்குள் கை போனால் ஒரு சுண்டோடு நிற்பதில்லை.

குடத்தோடு காத்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தின் கடைசிக் காம்பிராக்காரி.

"என்னாண்ணே, கொழும்புல இருந்து மக வருதா?"

"வந்தாலும் வரும்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. சோறு மட்டும் தெனம் வந்துருது, புள்ளயக் காணோம்."

அவர் சிரித்துக்கொண்டே கழுநீரை வடித்துவிட்டு எழுந்தார். முதல் சுண்டு அவருக்கு. இரண்டாவது சுண்டு சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவுக்கு. அந்தப் பக்கத்தில் யாரும் அவரிடம் சோறு கேட்கவில்லை என்பதை நாகலெட்சுமியிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அழகுமுத்துவுக்கு வயது அறுபத்து மூன்று. மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் பிறந்து, இதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். அதிலும் பாதிக்கு மேல் மேல்மாடியில், பச்சைக் கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி வாட்டுகிற இடத்தில். ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிவிட்டுத் திறப்பார். அது விரிகிற விதத்தைப் பார்த்து, இன்னும் ஒரு மணித்தியாலம் காற்று வேண்டும் என்றோ போதும் என்றோ சொல்வார். தப்பாது. அவ்வளவு கணக்குத் தெரிந்த கை வீட்டில் ஒரு கரண்டியைத் தொட்டதில்லை. அதெல்லாம் மனைவி வேலாயியின் கையில் இருந்தது. வேலாயி செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

கருமாதி முடிந்ததும் லயத்திலிருந்து வந்துகொண்டிருந்த சாப்பாடு ஒவ்வொரு வீடாக நின்றது. அது ஊர் வழக்கம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லாரும் நிறுத்திய பிறகு ஒரு நாள் பக்கத்துக் காம்பிரா ஜீவராணி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பருப்பும் பொரித்த கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், அவளுக்கு வேலை. புருஷன் நிரோஷன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான். தனுஜா என்று நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை.

அழகுமுத்து சாப்பிட்டார், கிண்ணத்தைக் கழுவினார், அங்கேதான் மாட்டிக்கொண்டார். வேலாயி ஒருநாளும் அடுத்த வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு பச்சை மிளகாயாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பாள். வெறும் கிண்ணம் திரும்பினால் கொடுத்த வீட்டுக்கு ஆகாது என்பாள். ஆகவே அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உருளைக்கிழங்குக் கறி வைத்தார். அது அவள் கிண்ணத்துக்குள் அடங்காமல் போகவே, மிச்சத்தைத் தன் வீட்டுச் சட்டி ஒன்றில் போட்டு, இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்போது அவருடைய சட்டி ஜீவராணியிடம் இருந்தது. அவளும் வேலாயியிடம் பழகியவள்தானே. வெறுமையாக எப்படிக் கொடுப்பாள்?

அன்றிலிருந்து எந்நேரமும் ஒரு ஏனம் சுவருக்குத் தப்பான பக்கத்தில் இருந்தது. காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் ஜீவராணி வாசலில் நின்று கூப்பிடுவாள்.

"மாமா, ஏனம்."

"வையி புள்ள. பாப்பா சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டா மாமா. நீங்க?"

"இனித்தான்."

சில நாட்களில் அவர் வாயிலிருந்து வருகிற பேச்சு மொத்தமே அவ்வளவுதான். அந்த நாலு பேச்சுக்காகத்தான் இரண்டாவது சுண்டு.

ஒருவர் கொஞ்சம் கூட வைத்தால் மற்றவர் இன்னும் கொஞ்சம் கூட வைத்தார். நிரோஷன் பகலில் ஹட்டனிலேயே சாப்பிட்டுவிடுவான். ஜீவராணிக்குப் பிள்ளைக்காம்பிராவில் சாப்பாடு. அந்த வீட்டில் அழகுமுத்துவின் சோற்றைத் தின்ன ஆளில்லை. இந்தப் பக்கம் அழகுமுத்து, போட்டதை வீணாக்கக் கூடாது என்று தன் சோற்றையும் அவள் கறியையும் முடிந்த மட்டும் தின்று பார்த்தார். வயிறு முன்னுக்கு வந்தது. இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதன் பிறகு மிஞ்சியதை விடியற்காலையில் கக்கூசுக்குப் பின்னால் உள்ள தேயிலைக் கானில், தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய அந்த வாய்க்காலில், கொட்ட ஆரம்பித்தார். ஸ்டோரில் தரையில் சிந்திய தூளைக்கூடக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்ட மனிதன், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சோற்றைக் கொட்டினார்.

நாய்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் தெரிந்துவிடும். லயத்தில் நாலு நாய் இருந்தது, ஒன்பது ஆனது. நாயைத் தேடிச் சிறுத்தை வந்தது. ஒரு நாள் விடியும் நேரத்தில் நாகலெட்சுமியின் செவலை நாயைக் கானுக்குப் பக்கத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போய்விட்டது. இழுத்துப்போன தடம் தேயிலைக்கு நடுவே தெரிந்தது. அந்தப் பாதையில்தான் பெண்கள் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, நடக்கிறார்கள்.

தோட்டத்து நலன்புரி அதிகாரி கூட்டம் போட்டார். லயத்தைச் சுற்றி ஒரு பருக்கை சோறு விழக்கூடாது, அளவாகச் சமைக்க வேண்டும் என்றார். பிள்ளைகளுக்கு அளந்து சாப்பாடு கொடுக்கப் பயிற்சி எடுத்தவள் என்பதால் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை ஜீவராணியின் தலையில் விழுந்தது. எல்லா வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக அழகுமுத்துவின் வீட்டுக்கு வந்தாள். அன்றுதான் முதல்முறையாக உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

"ஒன்னு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ஒரு நாளைக்கு எத்தன சுண்டு போடுறீங்க மாமா?"

"ஒன்னு. சில நாளைக்கு ஒன்ற."

"மாமா."

"ரெண்டு."

அவள் கையிலிருந்த கொப்பியை மூடினாள். "நீங்க குடுக்குறதுல பாதிய நானும் கான்லதான் கொட்டுறேன். தெனம் மனசு கேக்காமத்தான் கொட்டுறேன்."

அவர் அடுப்பிலிருந்த சட்டியை மூடிவைத்தார். "நேத்து நீ குடுத்த கீரைய நானும் அங்கதான் போட்டேன்."

"ஏன், உப்பு கூடிருச்சா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. வயித்துல எடமில்ல."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஜீவராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அழகுமுத்து நினைத்தார். அவளோ பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளையை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"பகலுக்கு இதுல ஒன்னு அரிசி. ராவுக்கு அரை. தட்டுல பாதி மரக்கறி, கால்வாசிதான் சோறு."

"இது சின்னப் புள்ளைங்க குவளயில்ல?"

"ஒங்க சீனிக்கு அதுவே கூட. மிஞ்சாது மாமா. மிஞ்சுனாத்தானே அங்க இங்க குடுக்கணும். நானும் இனிக் குடுக்கல, நீங்களும் குடுக்காதீங்க."

மறுநாள் அவர் அவளுடைய கிண்ணத்தில் வீட்டுத் தோட்டத்தில் ஆய்ந்த போஞ்சி ஒரு பிடி போட்டுக் கொடுத்தார். அவள் அவருடைய சட்டியில் இரண்டு பச்சை மிளகாய் போட்டுக் கொடுத்தாள். அவரவர் ஏனம் அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அளவு பிடிபட அழகுமுத்துவுக்கு நாலு நாள்தான் ஆனது. ஐந்தாம் நாள் குவளை தேவைப்படவில்லை, அரிசி கையிலேயே நின்றது. சட்டியில் ஒரு பருக்கை ஒட்டவில்லை. கிளினிக்கில் சீனி இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் மிஸ்ஸி மெச்சிக்கொண்டாள். கான் சுத்தமானது. நாய்கள் மேல் லயத்துக்குப் போய்விட்டன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பகலிலிருந்து புதன்கிழமை வரைக்கும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மட்டும் வியாழக்கிழமை அவருக்கு உறைத்தது. மகள் பிரியந்தி தொலைபேசி எடுத்தபோது தொண்டை முதலில் ஒத்துழைக்கவில்லை.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன்."

"என்னா சாப்டீங்க?"

"அளவாச் சாப்ட்டேன்."

"அது என்னா கறிப்பா?"

அவளே சிரித்துவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தார். கொழுந்து குறைவாக வருகிற நாளில் ஸ்டோரில் இரண்டு தொட்டியைப் பாதி பாதியாக ஓட்டமாட்டார்கள். அள்ளி ஒரே தொட்டியில் போட்டு ஒரு காற்றாடியை ஓட்டுவார்கள். இரண்டு காம்பிராவில் இரண்டு அடுப்பு, இரண்டிலும் கால் சட்டிச் சோறு. இதை ஒன்றாக்கினால் விறகு மிச்சம், எரிவாயு மிச்சம், சோறு வீணாவதற்கே வழியில்லை. யோசிக்க யோசிக்க அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல், சட்டையைப் போட்டுப் பொத்தானெல்லாம் பூட்டிக்கொண்டு போனார். நிரோஷன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். ஜீவராணி தரையில் உட்கார்ந்து போஞ்சி நார் உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் தூங்கியது.

"வாங்க மாமா. தேத்தண்ணி ஊத்தவா?" என்றாள்.

"வேணாம் புள்ள. ஒரு யோசன சொல்லத்தான் வந்தேன்."

தொட்டிக் கணக்கைச் சொன்னார். அரிசி, தேங்காய், கருவாடு தன் பங்கு என்றார். இவ்வளவு நீளமாகப் பேசி வெகுநாளாகிவிட்டதால் நடுவில் இரண்டுமுறை இரும வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது ஜீவராணியின் கை நின்றிருந்தது. விடிய நாலரைக்கு எழுந்து ஆக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, பிள்ளைக்காம்பிராவில் முப்பது பிள்ளைகளுக்குச் சோறூட்டிவிட்டு வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவள். அவர் சொன்ன கணக்கில் அது வரவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீ ஆக்க வேணாம், நான் ஆக்குறேன். நீ வேலைக்குப் போய்ட்டு வந்தா சோறு இருக்கும்" என்றார் அவசரமாக.

நிரோஷன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். மனைவியைப் பார்த்தான், பிறகு தன் கால் விரல்களைப் பார்த்தான்.

"எங்கப்பாவும் பூண்டுலோயாவுல தனியாத்தான் ஆக்கிச் சாப்புடுறாரு மாமா. அவரையே இங்க கூட்டியாந்து வச்சுக்க முடியல" என்றான்.

அதில் கோபம் இல்லை. ஜீவராணி அடுத்த போஞ்சியை எடுத்து நுனியைக் கிள்ளினாள்.

"அளவாத்தான் ஆக்குவேன் புள்ள" என்றார் அழகுமுத்து.

நார் நீளமாக உரிந்து வந்தது. அதை ஒரு பக்கம் போட்டுவிட்டு அவள் இன்னொன்றை எடுத்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தூங்குகிற பிள்ளையின் மேல் கால் பட்டுவிடாமல் சுற்றி நடந்து, வாசலில் குனிந்து வெளியே போனார்.