சவரியம்மாள் வீட்டு உப்பில்லாச் சமையல்

சவரியம்மாள் வீட்டில் கடையில் வாங்கிய பொருள் என்று தேடினால் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும்தான் கிடைக்கும் என்று ஆலங்கரையில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அவள் படுக்கும் பாய் அவள் நெய்தது. வாய்க்கால் கரையில் கோரை அறுத்து, கிழித்து, காயவைத்து, வீட்டுக்குள்ளேயே தறி போட்டிருந்தாள். தலையணைக்குப் பஞ்சு கோயில் தோட்டத்து இலவ மரத்தடியில் பொறுக்கியது. மாட்டுக் கயிறு வாழைநாரில் திரித்தது. அகப்பை கொட்டாங்கச்சியில் செய்தது. புருஷன் மதலைமுத்துவின் சட்டைகூட அவள் தைத்ததுதான். மாதா கோயிலில் கோதுமை மாவு வந்து இறங்கிய பையைப் பிரித்து, கையாலேயே தைத்துப் போட்டாள். எத்தனை முறை துவைத்தும் முதுகில் இருந்த நீல எழுத்து போகவில்லை. தூரத்தில் நீல எழுத்து தெரிந்தால் அது மதலைமுத்து என்று ஊருக்குத் தெரியும்.

திருவிடைமருதூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர் ஆலங்கரை. மதலைமுத்து மிராசுதாரின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தான். அவன் அப்பன் காலத்திலிருந்தே அந்த நிலம் அவர்கள் கையில். ஆனால் எந்தப் பதிவும் கிடையாது. எழுபதாம் ஆண்டு வாக்கில், உழுகிற குத்தகைதாரர் பெயரை அரசாங்கமே எழுதிக்கொள்ளப் போகிறது என்று செய்தி வந்தது. ஒரு பக்கம் கறுப்புச் சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் விவசாயச் சங்கத்துச் செங்கொடி, தெருவுக்குத் தெரு கூட்டம். மிராசுதார்களும் சும்மா இருக்கவில்லை. பெயர் ஏறுவதற்குள் குத்தகைதாரரைக் கிளப்பிவிட என்ன வழி என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தானே பாடுபட்டு உழுகிறவனுக்குத்தான் பாத்தியதை. ஒடம்பு முடியாதவன், ஆள் வச்சு உழுகிறவன் பேரு ஏறாது” என்று டீக்கடையில் யாரோ சொன்னதை எல்லோரும் சட்டம் என்றே நம்பினார்கள்.

அந்த வருஷம்தான் மதலைமுத்துவுக்குக் கால் வீங்கியது.

முதலில் சேற்றுப்புண் என்று நினைத்தார்கள். பிறகு காலையில் எழுந்தால் முகமும் ஊதியிருந்தது. கும்பகோணம் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சவரியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கிட்னி பழுதாயிருக்கும்மா. உப்பு ஒரு கல்லுகூடச் சேர்க்கக்கூடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கண்ணுல காட்டாதே. பருப்பு கொஞ்சமா. காயை நெறையத் தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுக் கொடு. வயல் வேலை கூடவே கூடாது.”

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அவள் புருஷன் காதில் சொன்னாள்: “ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா நெலம் போச்சு.”

“எத்தனை நாளைக்கு மறைப்பே?”

“பேரு ஏறுற வரைக்கும்.”

உப்பில்லாமல் சமைப்பதை மறைப்பது லேசல்ல. ஒருவர் வீட்டுக் குழம்பு இன்னொருவர் வீட்டுக்குப் போய் வருகிற தெரு அது. பக்கத்து வீட்டு ராசம்மாள் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். அவளிடம் சவரியம்மாள் ஒரு பொய் சொன்னாள். “வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை. அவரு உப்பு சேக்கறதில்லை.”

ராசம்மாள் சிரித்தாள். “உப்பில்லாப் பிரசாதம் சாப்பிட நீங்களும் உப்பிலியப்பன் கோயில் பக்கம் வந்துட்டீங்களா?”

சிரிப்போடு அவள் அடுப்பை ஒரு பார்வை பார்த்தது சவரியம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் வாரம் மதலைமுத்து தட்டைத் தள்ளிவிட்டான். மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன வெங்காயத்தைத் தணலில் சுட்டு, மிளகோடு நசுக்கிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். கொல்லையில் காய்த்த சுரைக்காயை வேகவைத்து வடித்து, பூண்டும் கறிவேப்பிலையும் தாளித்து, இறக்கும்போது எலுமிச்சம் பழம் பிழிந்தாள். புளிப்பும் காரமும் இருந்தால் நாக்கு உப்பைக் கேட்பது குறைகிறது என்று கண்டுபிடித்தாள். அவன் மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்தான். கருவாட்டு வாசனை தெருவில் வரும் நாட்களில் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வான்.

ஆவணி பிறந்தது. சம்பாவுக்கு உழவு ஓட்ட வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் தெரிந்துவிடும். பெண் ஏர் பிடிப்பது அந்தப் பக்கத்தில் இல்லாத வழக்கம். தெரிந்தால் நிலம் விளங்காது என்பார்கள். சவரியம்மாள் மாவுப்பைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். அவன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தலையில் முண்டாசு சுற்றி, வெள்ளி முளைக்கும் நேரத்தில் மாட்டை ஓட்டிப் போனாள். தூறலும் அரை வெளிச்சமும் துணை நின்றன. வெயில் ஏறுவதற்குள் வரப்பை ஒட்டிய தாழம்புதரில் உடை மாற்றிக்கொண்டு புல்லுக்கட்டோடு திரும்புவாள். கரையில் போகிறவர்கள் “என்ன முத்து, அதுக்குள்ள ஏரா?” என்று கேட்பார்கள். முதுகைக் காட்டியபடி கையை மட்டும் தூக்குவாள்.

அதற்குப் பிறகு எல்லோரையும் அவள் எடைபோட ஆரம்பித்தாள். இவள் ஏன் இன்றைக்கு இந்த வழியாக வந்தாள்? அவன் ஏன் அப்படிக் கேட்டான்? வேலியில் காக்கை உட்கார்ந்தாலும் எட்டிப் பார்த்தாள்.

தை அறுப்பு சமயம் கூலித் தகராறு முற்றி, மிராசுதாரின் பண்ணை வயலில் யாரும் கூலிக்கு இறங்குவதில்லை என்று சங்கம் முடிவு செய்தது. தெருவில் அடுப்பு எரிவது அருகிப் போனது. சங்கக் கொட்டகையில் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். சவரியம்மாள் மட்டும் தன் பங்கைக் குடித்துவிட்டு, புருஷனுக்கு வாங்காமல் போனாள்.

ராசம்மாள் இதைக் கவனித்தாள். இன்னொன்றையும் கவனித்தாள். கொல்லைப்புறத்தில் சவரியம்மாள் காய் வெந்த தண்ணீரை வாழை அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பசியில் அழுகிற தெருவில், காயின் சாறை மண்ணில் கொட்டுகிற அளவுக்கு ஒருத்திக்கு வசதி எங்கிருந்து வந்தது?

சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, மறுநாள் மிராசுதாரின் காரியஸ்தர் சாரங்கபாணி அவள் வாசலுக்கே வந்தார். கையில் ஒரு ஜாடி.

“சவரி, நார்த்தங்காய் ஊறுகாய். முத்துவுக்குப் பிடிக்குமேன்னு கொண்டாந்தேன். எங்கே அவன்?”

அவர் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததே அதிசயம். சவரியம்மாள் ஜாடியை வாங்கிக்கொண்டாள். “வாய்க்காலுக்குப் போயிருக்காருங்கய்யா.”

அந்த நேரம் பார்த்து உள்ளே பாய்த்தறியில் கட்டை விழுகிற சத்தம் கேட்டது. தொப், தொப்.

“உள்ளே யாரு?”

“எங்க சித்தி மக வந்திருக்கா. பாய் நெய்யுறா.”

“கூப்பிடு, பாப்போம்.”

“பிள்ளை உண்டாயிருக்காய்யா. வெளி மனுஷங்க முன்னாடி வரமாட்டா.”

சாரங்கபாணி கொஞ்ச நேரம் நின்றார். தறிச் சத்தம் நின்றிருந்தது. “முத்துவோட நடை இப்பல்லாம் ஒரு மாதிரி மாறிப்போச்சேன்னு பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் சங்கத்தின் வீரையன் நாலைந்து பேரோடு வந்தான். கூடவே ராசம்மாள். வீரையன் சவரியம்மாளைவிட இளையவன். அவன் கல்யாணத்துக்குப் பாய் நெய்து கொடுத்தவள் அவள்தான்.

“அக்கா, சுத்தி வளைக்காம கேக்கறேன். காரியஸ்தன் எதுக்கு வந்தான்?”

“சும்மா.”

“பத்து வருஷமா சும்மா வராதவன், வேலைநிறுத்தத்தப்ப ஊறுகா ஜாடியோட சும்மா வருவானா? முத்து மாமா எங்கே? கூட்டத்துக்கு ஏன் வரல?”

புருஷனைக் காட்டிவிட்டால் இந்தப் பேச்சு ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் நிற்கிற முகங்களில் எது காரியஸ்தர் வீட்டில் போய்ச் சொல்லும் முகம் என்று யாருக்குத் தெரியும்?

“நெல்லு அங்கேருந்து வருது. அதான் சோத்துல கொழுப்பு. தண்ணியக் கொட்டுறா!” என்றாள் ராசம்மாள். அதோடு நிற்காமல் விடுவிடுவென்று உள்ளே போய் அடுப்புச் சட்டியைத் திறந்தாள். இருந்ததை விரலால் எடுத்து வாயில் போட்டாள். வந்திருந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“என்னடி இது? சுரைக்கா. ஒரு கல்லு உப்புகூட இல்லை.”

“நேர்ச்சைன்னு சொன்னேன்ல.”

“வேளாங்கண்ணித் திருவிழா எப்பவோ முடிஞ்சுபோச்சு சவரி. இது என்ன நேர்ச்சை?”

அதற்குமேல் மதலைமுத்துவால் இருக்க முடியவில்லை. பகலெல்லாம் பாய் நெய்துகொண்டிருந்த தறியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இருட்டு மூலையிலிருந்து வெளியே வந்தான். கால்கள் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. கண்ணிமைகள் ஊதிக் கண்ணே சிறுத்துப் போயிருந்தது.

“அவளை விடுங்கப்பா. இந்தச் சனியன் எனக்கு வந்தது. என்னாலதான் இம்புட்டும்.”

வீரையன் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டான். ராசம்மாள் சட்டியை மெதுவாக மூடினாள். போகும்போது வீரையன், “இது வெளியில போகாதுக்கா” என்றான். சவரியம்மாள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை.

மாசியில் குத்தகைப் பதிவு விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். களத்து மேட்டில் மேசை போட்டிருந்தார்கள். மதலைமுத்து பெயரைக் கூப்பிட்டதும் சாரங்கபாணி எழுந்தார்.

“இவன் சீக்காளிங்க. நெலத்துல கால் வச்சு ரொம்ப நாளாச்சு. இவனுக்குப் பாத்தியதை கிடையாது.”

சவரியம்மாளின் பார்வை நேராக ராசம்மாள்மேல் போய் நின்றது. ராசம்மாள் அதைப் பார்த்தாள். முகம் சிவந்துபோனது.

“யார் சொன்னா உங்களுக்கு?” என்று கேட்டார் அதிகாரி.

“யாரும் சொல்ல வேணாம். என் காதால கேட்டேன். ஆவணியில ஒருநாள் கரையில வந்தப்ப, இவன் சட்டை போட்டுக்கிட்டு ஏர் ஓட்டுன ஆளு மாட்டை அதட்டுச்சு. பொம்பளைக் குரலு. இதோ நிக்கிறாளே, இவ குரலு. பொம்பளை ஏர் பிடிச்சிருக்கா சார், கேட்டுக்குங்க.”

கூட்டத்தில் சலசலப்பு. சில ஆண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார். அதிகாரி சவரியம்மாளைப் பார்த்தார். “நெசமாம்மா?”

இனி மறைக்க ஒன்றுமில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நெசந்தாங்க. உழுதது நான். நாத்து விட்டது நான். அறுத்ததும் நான். அவருக்கு முடியல. நெலத்தைப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்து அவரு சட்டையைப் போட்டுக்கிட்டேன். வேற ஆளு ஒருத்தர்கூட எறங்கலீங்க.”

“நான் பார்த்திருக்கேன்” என்று பின்னாலிருந்து ராசம்மாள் குரல் வந்தது. “களை பறிக்கையில பார்த்திருக்கேன். ஒத்தையாத்தான் கிடப்பா.”

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். “இதுக்கா இவ்வளவு ஒளிச்சீங்க? குத்தகைதாரன் தானாவது பாடுபடணும், இல்லே அவன் குடும்பத்து ஆளாவது பாடுபடணும். அவ்வளவுதான் சட்டம். பொஞ்சாதி குடும்பம் இல்லாம வேற யாரு?”

சாரங்கபாணி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பெயர் ஏறியது.

களத்து மேட்டைவிட்டு இறங்கும்போது ராசம்மாள் அவளை மறித்தாள். “நான்தான் காட்டிக்கொடுத்தேன்னு நெனச்சே, இல்லே?”

“ஆமா.”

“நானும் ஒன்னை அப்படித்தான் நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு ராசம்மாள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அந்த வருத்தம் ஆறச் சில மாதம் ஆயிற்று. முழுவதும் ஆறியது என்றும் சொல்ல முடியாது.

வீட்டில் மதலைமுத்து இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி குடிக்கும்போது சொன்னான்: “ஊரு முன்னாடி என்னை ஒண்ணுத்துக்கும் ஆகாதவனாக்கிட்டே.”

அவள் அழவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் சுரைக்காய் வைத்தாள். அவன் அதைத் தள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவன் நாலு வருஷம் இருந்தான். அந்த வியாதியோடு அத்தனை காலம் இருந்ததே பெரிது என்று கும்பகோணத்து டாக்டர் சொன்னார். சவரியம்மாள் கடைசிவரை யாரையும் சட்டென்று நம்புகிறவளாக மாறவில்லை. வீரையன் அவளைச் சங்கத்து மாதர் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது, “எதுக்குக் கூப்பிடுறே? வேற ஆளே கெடைக்கலியா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

பெயர் ஏறிய பிறகு வந்த ஆவணியில் அவள் சேலையோடு, நல்ல வெளிச்சத்தில் ஏர் பூட்டினாள். கரையில் போன சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மதலைமுத்து அவள் நெய்த பாயை வரப்பில் விரித்து உட்கார்ந்திருந்தான்.

“மேழிப் பிடியை அம்புட்டு அழுத்தாதே. மாடு திணறுது பாரு.”

“வாயை மூடிக்கிட்டு ஒக்காருங்க. போன வருஷம் யாரு வந்து சொன்னா எனக்கு?”

“அதான் இப்பவும் சால் கோணிப்போச்சு” என்றான் அவன். அவள் திரும்பிப் பார்த்தாள். கலப்பை கிழித்த சால் கோணித்தான் இருந்தது. அடுத்த சாலை நேராக ஓட்டினாள்.