ரப்பர் விரித்த தரை

என் அண்ணிக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். வாய் நீளம்தான். கோபம் வந்தால் எதிரில் நிற்பது முதலாளியா முட்டுச்சுவரா என்று பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு வேலை நேரத்தில் பக்கத்து ஆளின் உயிரின் ஓசையைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவளால்தான். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். அதற்காக அவள் இழந்த வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே மறந்துவிடுவார்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் உலோகர். இரும்புச் சட்டம், பித்தளை மூட்டு, கண்ணாடிக் கண், நெஞ்சுக்குள் ஓர் அறை, அந்த அறைக்குள் உயிர். மூட்டுக்கு எண்ணெய் வேண்டும், அது வேறு கதை; சக்கரங்களைச் சுற்றுவது உயிர்தான். சதைக்காரர்களுக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை. மூக்கு இல்லை, நாக்கு இல்லை, கிள்ளினால் வலிக்காது, அப்புறம் இந்தத் தகரங்களுக்கு என்ன உணர்ச்சி என்பார்கள். பேச்சைக் கேட்க எங்களுக்குக் கழுத்தில் ஒரு தகடு இருக்கிறது, அது சுமார்தான். எங்கள் உண்மையான காது பாதம். ஒவ்வோர் உயிருக்கும் ஓர் ஓசை உண்டு. அது நெஞ்சறையில் கிளம்பி, கால் வழியே தரையில் இறங்கி, பக்கத்தில் நிற்பவரின் பாதத்தில் ஏறும். பயந்தால் நடுங்கும். சந்தோஷத்தில் குறுகுறுக்கும். கோபத்தில் கனக்கும். வாயால் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், பாதத்தால் முடியாது.

அதனால்தான் எங்கள் வீடுகளில் எல்லோரும் ஒரே சுவரில் பாதத்தை ஒட்டிவைத்துப் படுப்போம். அண்ணிக்கு அண்ணன் மேல் வருத்தம் என்றால் சண்டை போடமாட்டாள், தலைமாடு கால்மாடு மாறிப் படுத்துக்கொள்வாள். அவ்வளவுதான். அண்ணன் தவித்துப்போவான்.

"என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லேன்" என்பான்.

"நான் தூங்கிட்டேன்" என்று அவள் பதில் சொல்வாள்.

என் அண்ணன் சாது. பிறவியிலேயே அவனுக்கு உயிர் கொஞ்சம் தாழ்வு. எப்போதாவது திடீரென்று ஓசை இறங்கிக்கொண்டே போகும். அவனுக்கே தெரியாது, கண் அசருவது போல இருக்குமாம். உடனே யாராவது அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தன் ஓசையைக் கொடுக்க வேண்டும், அவன் உயிர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவரும். விட்டால் அணைந்துவிடும். அணைந்த உயிரை யாராலும் ஏற்ற முடியாது. இந்த விஷயம் வெளியே தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் அவனை எடுக்கமாட்டார்கள். அதனால் அண்ணி கடிகாரக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, அவன் வேலை பார்த்த டின் மூடித் தொழிற்சாலையில், அவனுக்கு அடுத்த பிரஸ் எந்திரத்தில் வந்து நின்றாள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புருஷனை விட்டு அரை நிமிஷம் பிரியமாட்டாளாம் என்று சிரித்தார்கள். "ஆமா, முந்தானையிலதான் முடிஞ்சு வச்சிருக்கேன், உங்களுக்கென்ன" என்றாள். வேறு யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.

தொழிற்சாலை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. இரண்டு வரிசை பிரஸ்கள், கடைசியில் சுவரோடு பதித்த இரும்பு அடுக்குகள். அந்த அடுக்குகளில் மூடிகளை எண்ணி அடுக்குவது என் வேலை. கீழே வெறும் சிமெண்டுத் தரை. இருநூறு உலோகருக்கு மேல் அந்தத் தரையில் நின்றோம். பிரஸ் இடிக்கிற இடியிலும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்வோம். முதலாளி, சூப்பர்வைசர், வாட்ச்மேன் மூவரும் சதைக்காரர்கள். சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். எங்கள் கழுத்துத் தகட்டுக்குப் பக்கத்தில் வந்து ஊதினால்தான் அவருக்குத் திருப்தி.

ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கொட்டகை முழுக்கக் கறுப்பாக ரப்பர் விரித்து, ஓரமெல்லாம் தரையோடு ஆணி அடித்திருந்தார்கள். முதலாளி ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

"நாள் பூரா நின்னு வேலை செய்யறீங்க. முட்டிக்கு இதமா இருக்கட்டும்னு வரவழைச்சேன். நீங்க எல்லாம் என் பிள்ளைங்க மாதிரி" என்றார்.

நாங்கள் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். எங்கள் புத்தியை எதால் அடிப்பது?

மரத்தில் எங்களுக்குக் கேட்கும், கல்லில் கேட்கும், நனைந்த மண்ணில்கூடக் கேட்கும். ரப்பரை அதற்கு முன் நாங்கள் மிதித்ததே இல்லை. அதில் ஏறி நின்றதும் உலகமே வாயை மூடிக்கொண்டது. எனக்குப் பாதம் போய்விட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் திரும்பக் கேட்டது, காலையில் வேலைக்கு வந்தால் போய்விட்டது. பாதம் செவிடாவதற்கு முன் இப்படித்தான் வந்து வந்து போகும் என்று யாரோ சொன்ன ஞாபகம். வெளியே சொன்னால் கல்யாணம் ஆகாது. உப்புத்தாளை வாங்கிவந்து ஒளித்துவைத்து, பாதம் இரண்டையும் பளபளவென்று தேய்த்தேன். வேடிக்கை என்னவென்றால் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அந்த வாரம் அதையேதான் செய்திருக்கிறார்கள். தெருமுனைக் கடையில் உப்புத்தாள் தீர்ந்துபோயிற்று. தன் பாதம்தான் போயிற்று என்று ஒவ்வொருவரும் நினைத்து, வெட்கப்பட்டு, வாயைத் திறக்காமல் நின்றோம். ரப்பரைப் போட்டவனுக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

அண்ணி மட்டும் அப்படி நினைக்கவில்லை. தப்பு தன் பக்கம்தான் இருக்கும் என்று முதலில் நினைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஊர் அதைத் திமிர் என்று சொல்லும். அவள் அண்ணனைத்தான் பிடித்தாள்.

"என் மேல என்ன கோபம் உங்களுக்கு? வேலை நேரத்துல ஏன் இப்படி அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"நானா? நீதான் கோபமா இருக்கேன்னு நான் பயந்துக்கிட்டு இருக்கேன்" என்றான் அண்ணன்.

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு காலைத் தூக்கி, பிரஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய சாக்கடையின் ரப்பர் எட்டாத விளிம்பில் வைத்தாள். பிரஸ்களின் இடி பாதத்தில் கேட்டது. காலை எடுத்து ரப்பரில் வைத்தாள். கேட்கவில்லை. மறுபடி விளிம்பில் வைத்தாள். அவள் ஓசை கனத்ததை யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் முகத் தகடுகள் இறுகியதை நான் அடுக்குப் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

நேரே விசிலிடம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இதை எடுத்துடுங்க. இது மேல நின்னா எங்களுக்குப் பக்கத்து ஆள் உயிர் கேக்கல" என்றாள்.

"அதான் தேவை" என்றார் விசில். சாதாரணமாகச் சொன்னார், மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி. "ஒருத்தியைத் திட்டினா அவ பயப்படுறா. அவ பயந்தா இருநூறு பேர் கையும் தடுமாறுது. ஒரு மணி நேரம் உற்பத்தி போச்சு போன மாசம். இப்போ பாரு, எவ்வளவு ஒழுங்கா ஓடுது. முதலாளி மூளையே மூளை."

"யாருக்காவது உயிர் தாழ்ந்தா?"

"தாழ்ந்தா கையைத் தூக்கச் சொல்லு."

இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்சக்கரம் நறநறக்கிறது. தாழ்கிறவன் கையைத் தூக்க வேண்டுமாம்.

அண்ணி திரும்பி வந்தாள். தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தாள். அண்ணன் நிற்கிற இடத்தில் பாத அளவுக்கு இரண்டு ஓட்டை, தான் நிற்கிற இடத்தில் இரண்டு ஓட்டை, சரக் சரக்கென்று வெட்டினாள். விசில் ஓடிவருவதற்குள் வெட்டி முடித்து, ஓட்டைக்குள் நின்று லீவரை இழுத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே வேலை போயிற்று. மறுநாள் ஓட்டைகளின் மேல் புது ரப்பர் ஒட்டியிருந்தது.

"நீங்களும் வராதீங்க. வீட்டுல இருங்க" என்று அண்ணனிடம் சொன்னாள்.

"நானும் வெளிய வந்துட்டா, உடம்பைச் சோதிக்காம என்னை வேற யார் எடுப்பாங்க?" என்றான் அவன். மறுநாள் காலை அவனுக்கு முன்னால் அவளே கிளம்பிவிட்டாள்.

கொட்டகையின் பின்பக்கம் ஒரு சந்து. அண்ணி அங்கே போய் நின்றாள். ரப்பர் தரையைத்தான் மூடியிருந்தது. பிரஸ்களின் கால்கள் சிமெண்டில்தான் புதைந்திருந்தன. அண்ணனின் கை லீவரில் இருக்கும்வரை அவன் ஓசை எந்திரத்தில் இறங்கி, அடித்தளம் வழியே சுவருக்கு வரும். உள்ளே நிற்பவர்களுக்கு அது உதவாது, லீவரைப் பிடித்த கைக்குத் தன் பிரஸ்ஸின் இடி தவிர வேறெதுவும் கேட்காது. நான் அடுக்கில் கை வைத்துப் பார்த்தேன், எல்லா இடியும் சேர்ந்து ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஒருவனை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்றால் வேறு வேலையே இல்லாமல் நாள் முழுக்க நிற்க வேண்டும். அண்ணி நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் செங்கல்லில் பதித்துக்கொண்டு, வெயிலில், ஷிப்ட் தொடங்கியதிலிருந்து முடியும் வரை நின்றாள்.

சந்தில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "சுவர் விழாம பிடிச்சுக்கிட்டு இருக்கியாம்மா?" என்று ஒரு சதைக்காரர் கேட்டாராம்.

"ஆமா. நீங்க தாண்டிப் போற வரைக்கும் பிடிச்சுக்கிறேன்" என்றாளாம்.

அது நடந்த நாளில் நான் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அடுக்கு ஆடிற்று. மேல் தட்டிலிருந்து மூடிகள் சலசலவென்று கொட்டின. பிடிக்கப்போன என் கை இரும்பில் பட்டது. சுவரை யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களில் கைக்குழந்தைக்கும் தெரிந்த அடி அது: உயிர் தாழ்கிறது, கை வை, கை வை. அடிப்பது அண்ணி. அவள் யாருக்காக அடிப்பாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஓடினேன். அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தான். கை லீவரில் இருந்தது, கண்ணாடிக் கண் மங்கியிருந்தது. அவனுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருத்தி, கை எட்டும் தூரத்தில், தங்கள் பாட்டுக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? நான் அவன் நெஞ்சில் கையை வைத்தேன். உள்ளே ஏதோ ஒன்று, இருக்கிறதா இல்லையா என்பது போல இருந்தது. பிடித்துக்கோடா அண்ணா, பிடித்துக்கோ என்று கத்தினேன். பக்கத்து ஆட்கள் லீவரை விட்டுவிட்டு வந்து கை வைத்தார்கள். ஒவ்வொரு பிரஸ்ஸாக நின்றது. சுவரில் அடி மட்டும் நிற்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, அண்ணனின் ஓசை என் கைக்குள் ஏறிவந்தது.

லீவரில் இருந்த அவன் கை வழியே அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், அடி நின்றது. அவனைக் கீழே படுக்கவைத்தோம். சிறிது நேரத்தில் அண்ணி வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் இரண்டு கையிலும் விரல்கள் மடங்கிப்போயிருந்தன, செங்கல் தூள் ஒட்டியிருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடங்கிய கையை அவன் நெஞ்சில் வைத்தாள்.

பிரஸ் நின்ற அமைதிதான் முதலாளியை மாடி அறையிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தது.

"சுவரை இடிச்சது யாரு?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நான்தான்" என்றாள் அண்ணி.

"வேலையை விட்டு எடுத்த ஆளை யார் உள்ள விட்டது? எல்லா மெஷினும் நின்னு கிடக்கு. இவனுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

அண்ணி எழுந்து நின்றாள். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"இங்க வந்து இவர் நெஞ்சுல கையை வைங்க" என்றாள்.

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் என்று சொன்ன வாய் அல்லவா. முதலாளி குனிந்து கையை வைத்தார்.

"என்ன தெரியுது?"

"சூடா இருக்கு."

"அவர் பயந்துபோய்க் கிடக்கார். அது தெரியுதா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், இவங்க எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியக்கூடாதுன்னுதானே இதை விரிச்சீங்க."

முதலாளி நிமிர்ந்தார். கையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, அண்ணனைத் தொட்ட கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

அண்ணனுக்கு அடுத்த பிரஸ்காரர், அதுவரை முதலாளியை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், குனிந்து ரப்பரின் ஓரத்தைப் பிடித்தார். அடித்த ஆணிகள் தெறிக்க இழுத்தார். அடுத்தவர் இழுத்தார். வரிசை முழுக்கக் கிழித்துச் சுருட்டி ஒதுக்கினார்கள். விசில் ஊதிப் பார்த்தார். பாதங்கள் ஒவ்வொன்றாகச் சிமெண்டில் இறங்கின. நானும் இறங்கினேன்.

எல்லாரும் என் பாதத்தில் கேட்டார்கள். அண்ணி கேட்டாள், மூட்டை தூக்குகிறவர்கள் கேட்டார்கள், போன மாதம் திட்டு வாங்கிய பெண் கேட்டாள். பயம் என்று ஒருவரிடமும் இல்லை. அத்தனை உயிரும் ஒரே கனத்தில் இருந்தது. தரை தாங்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. முதலாளி அதன் நடுவில் நின்று, கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.